நீல விளக்கை நம்பாதவள்

அந்த அச்சகத்தில் எல்லாரும் அவளை நிறுத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பிரெயில் பாடப்புத்தகம் அடிக்கிற அச்சகம் அது. ஒரு மருந்துக் கிடங்கின் மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் கணினி, இன்னொன்றில் தடித்த தாளில் புள்ளி குத்துகிற இயந்திரம், மூன்றாவதில் மேனேஜர். நிறுத்தக்காவின் வேலை பிழை பார்ப்பது. எதிரே உட்கார்ந்து டைப் அண்ணன் அச்சுப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். இவள் விரல் புள்ளித் தாளில் அதே வரியில் கூடவே ஓடும். ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் "நிறுத்து" என்பாள். நாளைக்கு அறுபது எழுபது தடவை, பத்தொன்பது வருஷம். அப்புறம் வேறு பெயர் எப்படி நிலைக்கும்?

பிறவியிலிருந்தே அவளுக்குக் கண் தெரியாது. அதற்காக அவளிடம் உச்சுக் கொட்டப் போனவர்கள் யாரும் முகம் கோணாமல் திரும்பியதில்லை. பேருந்தில் ஒரு அம்மாள், "பாவம், எப்படிம்மா காலத்த ஓட்டுற?" என்று கேட்டபோது, "நீங்க எப்படி ஓட்டுறீங்களோ அப்படித்தான், டிக்கெட் எடுத்து" என்றாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் வாயைவிடக் காது நீளம், காதைவிட விரல் நீளம். மூன்றையும் மேனேஜர் குறைத்து எடை போட்டதில்தான் இந்தக் கதை கிடக்கிறது.

அதற்கு முன்னால், ஆறு வருஷத்துக்கு முந்திய ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். கணினியில் இடம் போதவில்லை என்று டைப் அண்ணன் வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் வெளியில் செருகுகிற ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்தார். "பத்திரமா வச்சாச்சு தங்கச்சி" என்றார். பத்திரம்தான். ஆனால் நகல் எடுக்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறார். கணினியில் இருந்ததை அழித்துவிட்டார். ஆக அந்தப் புத்தகம் உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அதுவும் மேஜை ஓரத்தில், வயர் காலில் இடறுகிற மாதிரி.

இடறியது. விழுந்தது. எடுத்துச் செருகியபோது உள்ளே டக், டக், டக் என்று சத்தம் கேட்டது. அதை முதலில் கேட்டவள் அவள்தான். "அண்ணே, அத உடனே புடுங்குங்க" என்றாள். புடுங்கினார். ஒன்றும் மிஞ்சவில்லை. பழுது பார்க்கிறவர் டிஸ்க்கைத் திருப்பித் தரும்போது, ஏதோ இறந்து போனவரின் கைக்கடிகாரத்தைத் தருகிற மாதிரி தந்தாராம். டைப் அண்ணன் பிறகு சொன்னது.

மறுபடி எட்டு மாதம் உட்கார்ந்தார்கள். செத்த ராஜாவெல்லாம் மறுபடி செத்தான், நடந்த போரெல்லாம் மறுபடி நடந்தது. சிரித்துக்கொண்டுதான் செய்தார்கள். ஆனால் அந்த வருஷம் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்குப் புத்தகம் போய்ச் சேரவில்லை. ஒரு பெண் பிள்ளை வாரம் தவறாமல் தொலைபேசியில் கேட்டாள், "அக்கா, வரலாறு எப்ப வரும்?" என்று. பதினோரு வாரம் கேட்டாள். பன்னிரண்டாவது வாரம் கேட்கவில்லை, ஏனென்றால் பரீட்சை முடிந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டாவது வாரத்து மௌனம் நிறுத்தக்காவை விட்டுப் போகவேயில்லை. அவளுக்குத் தன் மேலேயே அவ்வளவு ஆத்திரம் வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் கற்றுக்கொண்டாள். அவள் பாஷையில் சட்டம் இவ்வளவுதான். எந்தக் கோப்பும் மூணு இடத்தில் இருக்க வேண்டும். மூணும் ஒரே வகைப் பெட்டியாக இருக்கக் கூடாது. ஒன்றாவது இந்தக் கட்டடத்துக்கு வெளியே தூங்க வேண்டும். இது எல்லாரும் சொல்வது. இதற்கு மேலே அவளாகச் சேர்த்த ஒன்று உண்டு. நகல் எடுத்தால் போதாது, அந்த நகலைத் திறந்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும். "சமைச்சுட்டேன்னு சொன்னா ஆச்சா? வாயில வச்சாத்தானே உப்பு தெரியும்" என்பாள். வெள்ளிக்கிழமை தோறும் மத்தியான நேரத்தில் ஒரு பழைய டிஸ்க்கில் இதைச் செய்துகொண்டிருந்தாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் புது மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை. விறுவிறுப்பானவர், எதையும் அரைமணி நேரத்தில் முடித்துவிட்டுக் கை தட்டுகிற ரகம். வந்த வாரமே ஒரு புது டிஸ்க் வாங்கிக் கணினியின் பின்பக்கத்தில் பசைநாடாவால் ஒட்டினார். தானாகவே தினமும் நகல் எடுக்கிற மென்பொருள் ஒன்றைப் போட்டார். டிஸ்க்கில் நீல விளக்கு ஒன்று உண்டு, நகல் எடுக்கும்போது சிமிட்டும்.

"இனிமே மனுஷக் கையே வேணாம். லைட் சிமிட்டுனா வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்றார். நிறுத்தக்காவின் பழைய டிஸ்க் அலமாரிக்குள் போனது.

அவளும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை மிச்சம் என்றுதான் நினைத்தாள். பெட்டி கணினியோடு ஒட்டிக் கிடப்பது மட்டும் உறுத்தியது. வீட்டுச் சாவியின் நகலை அதே சாவிக்கொத்தில் மாட்டி வைத்த மாதிரி. ஆனாலும் புதிதாக வந்தவரோடு எடுத்த எடுப்பிலேயே மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள். இப்போது கேட்டால், தன் வாழ்க்கையில் நாக்கை அடக்கிய ஒரே சந்தர்ப்பம் அதுதான், அதுவும் தப்பான சந்தர்ப்பம் என்பாள்.

அப்புறம் கணக்குப் புத்தகம் வந்தது. பத்தாம் வகுப்பு, பதினாறு பாடம். பிரெயிலில் கணக்கு என்பது லேசுப்பட்டதில்லை. ஒரு மூலக்குறி, ஒரு பின்னக்கோடு எல்லாவற்றுக்கும் தனித்தனிப் புள்ளிக் கூட்டம். ஒரு புள்ளி நகர்ந்தால் கழித்தல் கூட்டலாகிவிடும், பிள்ளை பரீட்சையில் முழு மனதோடு தப்பாகப் போட்டுவிட்டு வரும். மூன்று வருஷ வேலை. நாற்பத்து மூன்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். பதினான்காவது பாடம் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் ஒருநாள் டைப் அண்ணன் மகளுக்குக் காதுவலி என்று விடுப்பு எடுத்தார். நிறுத்தக்கா அவர் கணினியில் உட்கார்ந்தாள்.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மென்பொருள் ஒன்று உண்டு. அவள் அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருந்தாள். காதில் மாட்டிக்கொண்டால் வாயாடி கொட்டித் தீர்த்துவிடும். கணினியைத் திறந்ததும் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. கண் தெரிந்தவர்கள் அந்த மாதிரிப் பெட்டியைப் பார்த்ததும் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். கை தானாகப் போய் 'சரி' என்பதை அமுக்கும். கண்ணுக்குப் படிக்க நேரமே இருக்காது. டைப் அண்ணன் அதை ஒரு வருஷத்துக்கு மேலாக, தினமும் காலையில், கொசுவை அடிப்பது போல அடித்துக்கொண்டிருந்தார். ஆனால் வாயாடிக்கு எதையும் பாதியில் விடத் தெரியாது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தது. டிஸ்க்கில் இடம் இல்லை, நகல் எடுக்க முடியவில்லை, கடைசியாக நகல் முழுமையாக முடிந்தது பதினான்கு மாதங்களுக்கு முன்பு.

நிறுத்தக்கா அதை மூன்று தடவை கேட்டாள். பிறகு எழுந்து மூன்றாவது அறைக்குப் போனாள்.

"சார், பதினாலு மாசமா நகல் எடுக்கலையாம்."

"யாரும்மா சொன்னது?"

"உங்க மென்பொருளே சொல்லுது."

"அந்த மெசேஜா? அது எப்பவும் வரும்மா. ஓகே குடுத்துட்டு வேலையப் பாருங்க." அவர் எழுந்து வந்து கணினிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "லைட்டு நல்லா சிமிட்டுதே. நீங்க பாக்க..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்ல சொல்லுங்க. நகல் எடுக்கப் போய்த் தோத்தாலும் அது சிமிட்டத்தான் செய்யும். நான் பாக்க முடியாது. அதனாலதான் அது என்னை ஏமாத்த முடியல."

"கணக்குப் புத்தகம் அதுல இருக்கும்மா. ஃபோல்டர் கண்ணுக்கு முன்னாடி இருக்கு."

"தொறந்து பாருங்க சார்."

"எனக்கு வேற வேலை இருக்கு" என்று அவர் போய்விட்டார். அன்றைக்கு மட்டும் இல்லை, அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் கேட்டாள். புது டிஸ்க் ஒன்று வாங்கச் சொல்லி எழுதியும் கொடுத்தாள். இருக்கிற ஒன்றே சும்மா சிமிட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று பதில் வந்தது. சரி, பழைய டிஸ்க்கையாவது கொடுங்கள் என்றாள். அது வேறு எங்கோ யாருக்கோ கொடுத்தாயிற்றாம்.

அன்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும் முன்பே புருஷனிடம் சொன்னாள், "வாஷிங் மெஷின் வேணாம். டிஸ்க் வாங்கணும், ரெண்டு."

அவள் புருஷன் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். கண் நன்றாகத் தெரியும். கோபம்தான் வராது. அவர்கள் வீட்டுக்குத் தேவையான கோபம் முழுவதையும் இவளே பார்த்துக்கொண்டாள். "ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதாதா?" என்றார்.

"உங்களுக்கு எத்தனை ஊசி?"

அவர் வாஷிங் மெஷினுக்குச் சேர்த்து வைத்த காசை எடுக்கப் போனார்.

கடையில் விற்பனையாளர் வழக்கம் போலப் புருஷனைப் பார்த்தே பேசினார். "சார், மேடத்துக்கு எந்தக் கலர்ல வேணும்னு கேளுங்க."

"மேடத்துக்குக் காது கேக்கும், நேராவே கேளுங்க" என்றாள் நிறுத்தக்கா. "கலர் எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். சுத்துற டிஸ்க் ஒண்ணையும் எஸ்எஸ்டி ஒண்ணையும் எடுத்து வைங்க. ரெண்டையும் ஓடவிட்டுக் காட்டுங்க."

விற்பனையாளர் எடுத்து வைத்தார். சுழல்கிற டிஸ்க்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். உள்ளே தட்டு ஓடுகிற அதிர்வு விரலுக்குத் தெரிந்தது. காதோடு வைத்துக் கேட்டாள். சீராக இரைந்தது. விலை குறைவு, இடம் ஏராளம், சாகப் போகிறது என்றால் பெரும்பாலும் முனகிக் காட்டும். ஆனால் கீழே விழுந்தால் போயிற்று. வரலாற்றுப் புத்தகத்தை விழுங்கிய சாதி அது. எஸ்எஸ்டியில் ஓடுகிற பாகமே கிடையாது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, சத்தமே இல்லை. விழுந்தாலும் இடித்தாலும் சட்டை செய்யாது, ஆனால் விலை அதிகம், போகிற நாளில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

"பஸ்ல என்கூட வரப்போறது எஸ்எஸ்டி. வீட்டுல உக்காரப் போறது சுத்துறது" என்று முடிவு சொன்னாள். "எஸ்எஸ்டிய மட்டும் இங்க குடுங்க. இன்னொண்ண வேற கடையில, வேற கம்பெனியில வாங்கிக்கறேன்."

"ஏன் மேடம், ரெண்டும் இங்கயே இருக்கே?"

"பொறந்த எடம் ஒண்ணா இருந்தா வர்ற நோயும் ஒண்ணா இருக்கும். வயர் எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் ஏறுமா?"

"ஏறும். அப்புறம் இதுல லைட்டு ரொம்ப அழகா எரியும் மேடம்."

நிறுத்தக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். விற்பனையாளருக்கு என்ன தப்பாகச் சொன்னோம் என்றே புரியவில்லை. இணையத்தில் போட்டு வைக்கலாமே என்று கடைசியாக ஒன்று சொன்னார். அதையும் அவள் யோசித்திருந்தாள். அச்சகத்து இணையம் ஊர்ந்து போகிற வேகத்துக்கு ஒரு புத்தகம் ஏறி முடிய ஒரு வாரம் ஆகும். சந்தா கட்ட மேனேஜர் மறந்தால் மொத்தமும் பூட்டிக்கொள்ளும். நாளைக்குக் கூடுதலாக அதுவும் இருக்கட்டும், அதை மட்டுமே நம்பி உட்கார முடியாது என்றாள்.

புருஷன் சீட் கவர் மிச்சத்தில் உள்ளே பஞ்சு வைத்து ஒரு உறை தைத்துக் கொடுத்தார். பெயர் வைத்ததும் அவர்தான். அவளோடு வெளியே திரிகிற எஸ்எஸ்டிக்கு ஊர்சுத்தி. வீட்டில் இரைந்துகொண்டே இடத்தை அடைத்திருப்பதற்கு வீட்டோட மாப்பிள்ளை. இரண்டிலும் பெயரைப் புள்ளியில் குத்தி ஒட்டினாள். இரண்டுக்கும் கடவுச்சொல் போட்டு, அதையும் புள்ளியில் குத்தி அடுக்களைச் சுவரிலேயே ஒட்டி வைத்தாள். "திருடன் வந்தாலும் படிக்கத் தெரியணுமே" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊர்சுத்தியில் நகல் எடுப்பாள். வீட்டுக்கு வந்து தன் லேப்டாப் வழியாக மாப்பிள்ளைக்கு மாற்றுவாள். ஒவ்வொரு வாரமும் தனி ஃபோல்டர், தனித் தேதி. பழையதன் மேல் புதியதை எழுதினால் தப்பும் சேர்ந்து நகலாகும் அல்லவா? கடைசியில் ஏதாவது ஒரு பாடத்தைக் குருட்டாம்போக்கில் திறந்து ஒரு பக்கம் வாசிக்க வைத்துக் கேட்பாள். குருட்டாம்போக்கு என்ற அந்த வார்த்தையை அவளே சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். ஐந்து வாரம் இப்படிப் போயிற்று. பதினாறு பாடமும் முடிந்தது. புள்ளி குத்தும் இயந்திரத்துக்கு ஒரு உதிரிப்பாகம் வர வேண்டியிருந்தது, வந்ததும் அச்சடிக்கலாம் என்று இருந்தார்கள்.

ஆறாவது வெள்ளிக்கிழமை மேனேஜர் மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பி வந்தார். அவள் கணினியிலிருந்து வயரைப் பிடுங்குவதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"நகல் சார். பேக்கப்."

"யார் பெட்டி?"

"என்னுது."

"ஆபீஸ் ஃபைல உங்க சொந்தப் பெட்டியில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா? இதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"தெரியும். உங்க வேலைய நான் செய்யறதுன்னு பேரு."

வாய் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்கவில்லை, நின்றால் அது அவள் வாய் இல்லை. மேனேஜர் ஊர்சுத்தியை வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் பூட்டினார். அரைமணி நேரத்தில் ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுல கையெழுத்துப் போடுங்க. பிரச்சினை இத்தோட முடிஞ்சுரும்."

அவள் தாளைத் தடவினாள். வழவழவென்று இருந்தது, ஒரு புள்ளி இல்லை. "என்ன எழுதியிருக்கு?"

"நான் சொல்றேன். அனுமதி இல்லாம எடுத்தேன், தப்புதான், இனிமே செய்ய மாட்டேன். வீட்டுல இருக்கறதையும் திங்கக்கிழமை கொண்டு வந்து ஒப்படைக்கறேன். அவ்வளவுதான்."

"படிக்க முடியாததுல நான் கையெழுத்துப் போடறது இல்ல சார். புள்ளியில அடிச்சுக் குடுங்க. அப்பவும் போட மாட்டேன், ஆனா படிச்சுட்டுப் போட மாட்டேன்."

திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடும், அங்கே பேசிக்கொள்ளலாம், இரண்டு பெட்டியையும் குழுவின் முன்னாலேயே அழித்துவிடலாம், கையெழுத்து இல்லை என்றால் வேலையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார். அவளுக்கு வேலை போவதுகூட அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது வேறு. அவள் பெட்டிகளை அழித்துவிட்டால் கணக்குப் புத்தகம் மறுபடி ஒரே ஓர் இடத்தில் இருக்கும். ஏழு வருஷத்துக் கிழட்டுக் கணினியில். பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண் பிள்ளையின் குரல் காதில் கேட்டது. அக்கா, எப்ப வரும்?

வீட்டில் புருஷன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார், "மாப்பிள்ளைய குடுத்துடு. அதுக்கு முன்னாடி லேப்டாப்புல ஒரு நகல் போட்டு வச்சுக்கோ. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் மாப்பிள்ளையை எடுத்து மடியில் வைத்து, ஒட்டியிருந்த பெயரைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் அவருக்குப் பயம் வந்துவிடும்.

"இதுவரைக்கும் நான் திருடல" என்றாள் கடைசியில். "அவங்க கண்ணு முன்னாடி, பகல்ல, அவங்க மேஜையில உக்காந்து எடுத்தேன். அவரு பாக்கல, அவ்வளவுதான். இப்ப ஒளிச்சு வச்சேன்னா அப்பதான் அது திருட்டு. மாட்டேன். ரெண்டு பெட்டியும் சபைக்குப் போகட்டும். யார் அழிக்கறாங்கன்னு பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மேஜையில் உட்கார்ந்து கையால் ஏதோ ஒரு தாளில் புள்ளி குத்திக்கொண்டிருந்தாள். புருஷன் கேட்டதற்கு, "தேவைப்பட்டா" என்றாள்.

திங்கட்கிழமை குழுவில் மூன்று பேர் வந்திருந்தார்கள். தலைவி ஒரு மரக்கடை முதலாளியம்மா, கனத்த குரல். மற்ற இருவரும் அவர் தலையை ஆட்டினால் தாங்களும் ஆட்டுகிறவர்கள். டைப் அண்ணன் சுவரோரம் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். மேனேஜர் நடந்ததையெல்லாம் சொன்னார். ஒன்றும் பொய் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு பெட்டியையும் கணினியில் செருகினார்.

"மொத்தமா அழிச்சிடறேன். உங்க எல்லார் முன்னாடியும். கடவுச்சொல்லக்கூட நான் கேக்கல, அழிக்கறதுக்கு அது வேணாம்." சுட்டியின் சத்தம் ஒருமுறை கேட்டது.

"நிறுத்துங்க" என்றாள் நிறுத்தக்கா.

பத்தொன்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய சொல். மேனேஜரின் கை நின்றுவிட்டது. மூலையில் டைப் அண்ணனின் செருமல்கூட நின்றுவிட்டது.

"தலைவிம்மா, நான் ரெண்டையும் அழிக்கச் சம்மதிக்கறேன். கையெழுத்தும் போடறேன், வேலைய விட்டும் போறேன். ஒண்ணே ஒண்ணு. சாரோட பெட்டி பின்னாடி ஒட்டியிருக்கு. அதுலேருந்து கணக்குப் புத்தகத்தோட பதினாறாம் பாடத்த எடுத்து வெளிய போடச் சொல்லுங்க. வந்துச்சுன்னா என் வாய நான் தெச்சுக்கறேன், என் வீட்டுக்காரர் கிட்ட ஊசி நெறைய இருக்கு."

"நியாயமாத்தானே கேக்குது. எடுத்துக் காட்டுங்க" என்றார் தலைவி.

"அதுக்கென்ன, இதோ" என்று மேனேஜர் குனிந்தார். "லைட்டு எரியுது பாருங்கம்மா. இதோ ஃபோல்டர். பத்தாம் வகுப்பு, கணக்கு. பாடம் ஒண்ணு, ரெண்டு, மூணு..." உற்சாகமாக எண்ணிக்கொண்டே போனார். "எட்டு, ஒம்பது."

அதற்கு மேல் எண்ணவில்லை.

"பத்து?" என்றாள் நிறுத்தக்கா.

சுட்டி சத்தம் மட்டும் கேட்டது. வேறு இடத்தில் தேடினார். மறுபடி முதல் இடத்துக்கே வந்தார். தலைவியின் நாற்காலி நகர்ந்தது, அவர் எழுந்து வந்து திரையில் குனிகிறார் என்று தெரிந்தது.

"மிச்சம் ஏழு பாடம் எங்க?" என்றார் தலைவி.

"கம்ப்யூட்டர்ல இருக்கும்மா. பத்திரமா இருக்கு."

"கம்ப்யூட்டர் போச்சுன்னா?"

டைப் அண்ணன்தான் வாயைத் திறந்தார். "அந்த மெசேஜ் தெனம் வந்துச்சும்மா. நான்தான் பாக்காம ஓகே ஓகேன்னு அடிச்சுட்டேன். தங்கச்சி நாலு தடவ சொல்லுச்சு. வரலாறையும் நான்தான் ஒருதரம் தொலைச்சேன்."

"வந்த ஒம்பதும் திருத்தினது இல்ல" என்றாள் நிறுத்தக்கா, மென்மையாக இல்லை, ஆனால் அவரைக் காப்பாற்றுகிற மாதிரி. "ஒம்பதாம் பாடத்த ஒரு பக்கம் குத்தி எடுங்க அண்ணே. உதிரிப்பாகம் சனிக்கிழமை வந்துருச்சுன்னு ஃபோன்ல சொன்னீங்கல்ல."

இயந்திரம் கடகடவென்று குத்தியது. தாள் வந்ததும் விரலை ஓட்டினாள். நாலாவது வரி, அஞ்சாவது வரி. "இந்தா. ஆறாவது வரியில கழித்தல் குறி இல்ல. போன வருஷம் நான் நிறுத்தினது. இத அடிச்சு அனுப்பியிருந்தா நாப்பத்து மூணு புள்ளைங்களும் இந்தக் கணக்கத் தப்பாத்தான் போட்டிருக்கும். இப்ப என் பெட்டியிலேருந்து எடுங்க."

ஊர்சுத்திக்குக் கடவுச்சொல்லைத் தட்டினாள். பதினாறு பாடமும் இருந்தது. ஒன்பதாம் பாடத்தின் ஆறாவது வரியில் கழித்தல் குறியும் இருந்தது. தலைவிக்குப் பிரெயில் தெரியாது, ஆனாலும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். நிறுத்தக்கா அவர் விரலைப் பிடித்து அந்தப் புள்ளிகளின் மேல் வைத்தாள். தலைவி கொஞ்ச நேரம் விரலை எடுக்கவேயில்லை.

"சரி" என்றார் பிறகு. "அந்தக் கடுதாசிய கிழிச்சுப் போடுங்க. நீ எங்கயும் போக வேணாம்மா. இந்தப் பெட்டி ரெண்டையும் இங்க பீரோவுல பத்திரமா வச்சுப் பூட்டிடலாம். சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

யாராக இருந்தாலும் இதோடு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜெயித்தாயிற்று, வேலை நிலைத்தது, கூடவே பீரோ சாவி வேறு.

"முடியாதும்மா" என்றாள் நிறுத்தக்கா. "கீழ மருந்துக் கிடங்கு. ஒரு நாள் தீப்பிடிச்சா கம்ப்யூட்டர், பீரோ, சாவி மூணும் ஒண்ணா வேகும். ஒண்ணாவது வெளிய தூங்கணும். ஒளிச்சு இல்ல, எழுத்துல அனுமதியோட. சார் கையெழுத்துப் போட்டு."

தலைவி மூக்கால் சிரித்தார். "குடுத்துடுங்க" என்றார் மேனேஜரிடம்.

நிறுத்தக்கா கைப்பையைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை குத்திய தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். மேனேஜர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைத் தாள், அதில் மேடு மேடாகப் புள்ளிகள்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"நான் சொல்றேன் சார். நீங்க கையெழுத்துப் போடுங்க."

"படிக்கத் தெரியாததுல எப்படிம்மா போடறது?"

"வெள்ளிக்கிழமை நானும் அதத்தான் கேட்டேன்."

டைப் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், பேனாவை எடுத்தார். நிறுத்தக்கா தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள், அவர் ஒவ்வொரு வரிக்கும் கீழே மையால் எழுதினார். இத்தனை வருஷத்தில் அவள் வாசிக்க அவர் பின்தொடர்ந்தது அதுதான் முதல் தடவை. முடித்ததும் மேனேஜர் அதை முழுவதும் படித்தார். மெதுவாக, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை. பிறகு கையெழுத்துப் போட்டார்.